இன்ஸ்டிடியூஷனலைசேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

'ரெக்டிஃபை' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2013 முதல் 2016 வரை நான்கு சீசன்கள் ஓடியது. ஜார்ஜியா மாநிலத்தில் மரண தண்டனைக் கைதியாகப் பத்தொன்பது ஆண்டுகள் அடைபட்டிருந்த டேனியல் ஹோல்டன், டி.என்.ஏ. சான்றால் தீர்ப்பு ரத்தாகி வெளியே வருகிறான். வழக்கைவிட, அதன்பின் அவன் எப்படி வாழ்கிறான் என்பதில்தான் கதையின் கவனம். இத்தகைய கதைகளைப் பேசும்போது அடிக்கடி வரும் சொல் 'இன்ஸ்டிடியூஷனலைசேஷன்'.

இதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவரைச் சிறையிலோ மனநல மருத்துவமனையிலோ காப்பகத்திலோ நெடுங்காலம் அடைத்து வைப்பது ஒன்று. அப்படி இருந்தவர் அந்த இடத்தின் ஒழுங்குக்கே பழகி, சொந்தமாக முடிவெடுக்கும் திறனை இழப்பது இன்னொன்று. நமக்குத் தொல்லை தருவது இரண்டாவதுதான். ரஸ்ஸல் பார்ட்டன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1959-இல் இதைத் தனி நோயாகவே விவரித்தார். எதிலும் நாட்டமின்மை, தானாக எதையும் தொடங்காமை, சொன்னதற்கெல்லாம் பணிதல் ஆகியவை அடிப்படை மனநோயால் மட்டும் வருபவை அல்ல, மருத்துவமனை வாழ்க்கையே உண்டாக்குபவை என்றார். 1961-இல் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், தூக்கம், வேலை, பொழுதுபோக்கு மூன்றும் ஒரே கூரையின்கீழ், ஒரே அதிகாரத்தின்கீழ் நடக்கும் இடங்கள் என்று இத்தகைய நிறுவனங்களை வரையறுத்தார். சிறை, மனநல மருத்துவமனை, படைமுகாம் எல்லாம் அதில் அடங்கும்.

வேர் லத்தீன். 'இன்ஸ்டிட்டுவெரே' என்றால் நிறுவுதல். அதற்குள் 'நிற்க வைத்தல்' என்ற பொருள் இருக்கிறது. நம் 'நிறுவு' என்பதும் 'நில்' என்பதன் உறவுதான். ஆகவே 'நிறுவனமயமாதல்' வேர்ப்பொருளுக்குப் பிசகில்லாத பெயர்ப்பு. ஆனால் "டேனியல் நிறுவனமயமாகிவிட்டான்" என்று எழுதிப் பாருங்கள், ஏதோ கம்பெனி ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது! கட்சியோ ஊழலோ நிறுவனமயமாகலாம், மனிதன் ஆக முடியாது.

முதல் பொருளுக்குக் 'காப்பகத்தில் அடைத்தல்', 'சிறையில் அடைத்தல்' என்று இடத்துக்கேற்பச் சொன்னால் போதும். 'அடைப்பு' என்று சுருக்கினால் மாரடைப்பும் கடையடைப்பும் நினைவுக்கு வரும், வேண்டாம். இரண்டாவதற்கு என் தேர்வு 'அடைபட்டுப் பழகல்'. ஒற்றைச் சொல் இல்லைதான். ஆனாலும் "அடைபட்டே பழகிவிட்டான்" என்று வசனத்தில் அப்படியே பேசலாம். யாரோ அடைத்தார்கள், இவன் பழக நேர்ந்தது என்ற இரண்டும் அதில் தெரிகின்றன.

இந்தத் தொடரைப் பற்றி எழுதும்போது இரண்டை மட்டும் கலக்காமல் இருந்தால் சரி: தீர்ப்பு ரத்தாவதும், குற்றமற்றவர் என்று அறிவிக்கப்படுவதும் வேறு வேறு. டேனியலுக்கு முதலில் கிடைப்பது ரத்து மட்டுமே, அரசுத் தரப்பு அவன்மீது மீண்டும் வழக்கு நடத்தலாம்.