பேக்கப் டிஸ்க் போயிடுச்சா? சரி, ஒரிஜினல் எங்கே?

“சார், பேக்கப் ஹார்டு டிஸ்க் போயிடுச்சு. எப்படியாவது எடுத்துக் கொடுங்க.”

டேட்டா ரெக்கவரி வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். ஆரம்பத்தில் இதில் விசித்திரமாக எதுவும் படவில்லை. கொஞ்ச காலம் கழித்துத்தான் உறைத்தது. பேக்கப் போனால் என்ன? ஒரிஜினல் இருக்குமே! புதிதாக ஒரு டிஸ்க் வாங்கி மறுபடி காப்பி போட்டால் வேலை முடிந்தது. என்னிடம் எதற்கு ஓடி வர வேண்டும்? அதனால் இப்போதெல்லாம் திருப்பிக் கேட்கிறேன்: “சரி, ஒரிஜினல் எங்க இருக்கு?”

அங்கே ஒரு மௌனம் விழும். பிறகு மெதுவாகப் பதில் வரும். போனில் இடம் இல்லை என்று எல்லாவற்றையும் டிஸ்க்கில் போட்டுவிட்டு போனில் அழித்துவிட்டார்களாம். லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று சுத்தம் செய்துவிட்டார்களாம். அதாவது பேக்கப் எடுக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறார்கள். பீரோவில் இருந்த நகையை லாக்கரில் கொண்டுபோய் வைத்தால் நகை இரண்டாகிவிடுமா? போட்டோவுக்கும் வீடியோவுக்கும், நகைக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அச்சு அசலாக இன்னொன்று செய்துகொள்ளலாம். அதைத்தான் செய்யாமல் விடுகிறோம்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். “எந்த பிராண்டு சார் நல்லது?” இந்தக் கேள்விக்கு நான் பிராண்டு பெயர் சொல்வதில்லை, ஒரு கணக்குச் சொல்வேன். பேக்பிளேஸ் என்ற ஆன்லைன் பேக்கப் நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்ற விவரத்தை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. ஆண்டுக்கு 2020-ல் 0.93 சதவீதம், 2021-ல் 1.01, 2022-ல் 1.37, 2023-ல் 1.70. குளிரூட்டிய டேட்டா சென்டரில், அசையாமல் உட்கார்ந்திருக்கும் டிஸ்க்குகளே நூற்றுக்கு ஒன்றிரண்டு வருடாவருடம் போகின்றன. பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலையும் டிஸ்க் அதைவிட நன்றாகவா இருக்கும்? பேச்சுக்கு அதையும் 1.5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே டிஸ்க்கில் எல்லாம் இருந்தால் ஆபத்து ஆயிரத்துக்குப் பதினைந்து. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு டிஸ்க்குகளில் ஒரே காப்பி இருந்து, இரண்டும் ஒரே வருடத்தில் சாக வேண்டுமென்றால்? ஒன்றை மற்றொன்றால் பெருக்கிப் பாருங்கள். பத்தாயிரத்துக்கு இரண்டு சொச்சம். எந்த விலையுயர்ந்த பிராண்டும் இந்த வித்தியாசத்தைத் தராது. ஆகவே கையில் இருக்கும் காசுக்கு ஒரு பெரிய, ‘ப்ரோ’ என்று பெயர் போட்ட டிஸ்க் வாங்குவதைவிட, சாதாரண டிஸ்க் இரண்டு வாங்குவதே மேல். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டாக இல்லாமல், இரு வேறு தயாரிப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

எவ்வளவு பெரியது வாங்குவது? முதலில் இருப்பதை அளந்து பாருங்கள். பலர் அளப்பதே இல்லை. போன், லேப்டாப், பழைய பென் டிரைவ் எல்லாவற்றிலும் உள்ள படம், வீடியோ, ஆவணங்களைக் கூட்டினால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வரும். அதைப்போல இரண்டு அல்லது மூன்று மடங்கு போதும். பத்து வருடத்துக்கும் சேர்த்து வாங்க வேண்டாம், டிஸ்க்கே அவ்வளவு காலம் உழைக்கும் என்று சொல்ல முடியாது. (ஒரு டி.பி. என்று வாங்கி வந்து கணினியில் 931 ஜி.பி. என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.)

இனி எந்த வகை என்பதற்கு வருவோம். வீட்டில் சேமித்து வைக்க இன்றும் காசுக்கு அதிக இடம் தருவது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான். உள்ளே பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. அவற்றைப் படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை அந்த இடைவெளி. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. டிஸ்க்கைத் திறந்து பார்த்தால், தட்டில் வட்டமாக ஒரு கீறலும், வடிகட்டிப் பஞ்சில் கரித்தூளும் இருக்கும். அந்தத் தூள்தான் போட்டோவாக இருந்தது. அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

இதில் இரண்டு உருவம் உண்டு. யூ.எஸ்.பி. கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சிறிய 2.5 அங்குல டிஸ்க் ஒன்று. தனி அடாப்டர் கேட்கும் பெரிய 3.5 அங்குல டிஸ்க் மற்றொன்று. பெரியதில் கொள்ளளவுக்கு விலை குறைவு. ஆனால் அந்த அடாப்டர் ஒரு வில்லன். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த டிஸ்க்கில் உயிரே இல்லை, சத்தமும் இல்லை. விசாரித்ததில், அதன் 12 வோல்ட் அடாப்டர் கிடைக்காததால் பக்கத்தில் கிடந்த லேப்டாப் சார்ஜரைச் சொருகியிருக்கிறார். பின் கச்சிதமாகப் பொருந்தியதாம்! லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் 19 வோல்ட். அவர் நல்ல நேரம், டிஸ்க்கின் போர்டில் அரிசி அளவுக்கு ஒரு பாதுகாப்பு டயோடு இருந்தது. அதிக வோல்ட் வந்ததும் அது தன்னை எரித்துக்கொண்டு மீதியைக் காப்பாற்றிவிட்டது. அதை எடுத்துவிட்டுச் சரியான மின்சாரம் கொடுத்ததும் டிஸ்க் சுழன்றது. எல்லாருக்கும் இப்படி அமையாது. அடாப்டரில் டிஸ்க்கின் பெயரை எழுதி ஒட்டிவைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

சின்ன டிஸ்க்கின் சிக்கல் வேறு. முன்பெல்லாம் யூ.எஸ்.பி. வாய் உடைந்தால், உறையைப் பிரித்து டிஸ்க்கை நேராகக் கணினியில் இணைத்துவிடுவோம். இன்று பல சிறிய டிஸ்க்குகளில் யூ.எஸ்.பி. வாய் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில், பாஸ்வேர்டு போடாவிட்டாலும், அந்தப் போர்டில் உள்ள சிப் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்துதான், அதாவது தனக்கு மட்டும் புரியும்படி மாற்றித்தான், எழுதுகிறது. சிப் போனால் தட்டு நன்றாக இருந்தும் படிக்க வராது. கேபிள் தொங்க, யாராவது கால் தடுக்கும் இடத்தில் வைக்காதீர்கள் என்று நான் கரடியாகக் கத்துவது இதனால்தான்.

சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வேகம், விழுந்தாலும் பிழைக்கும். தினமும் வேலை செய்ய அதுதான் சரி. பரணில் போட்டுவைக்க அல்ல. அதில் தகவல் இருப்பது நுண்ணிய செல்களில் பிடித்துவைத்த மின்னூட்டமாக. மின்சாரமே காட்டாமல் வைத்தால் அது மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்துபோன வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைப் பிடித்துவைத்தால் போதும் என்பதே, சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தர அளவு. புதியது இதைவிடப் பல மடங்கு தாங்கும், பயப்பட வேண்டாம். இன்னொன்றும் உண்டு. எஸ்.எஸ்.டி.யில் ஒரு கோப்பை அழித்தால், ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு அந்த இடத்தைப் பின்னாலேயே காலி செய்துவிடும். ஹார்டு டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததை மீட்டுத் தருவது எங்களுக்கு அன்றாட வேலை. எஸ்.எஸ்.டி.யில் அநேகமாகக் கையை விரித்துவிடுவோம்.

பென் டிரைவும் மெமரி கார்டும் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும். நம்ப முடியாத மலிவு விலையில் இரண்டு டி.பி. பென் டிரைவ் என்று விற்கிறார்களே, அது பெரும்பாலும் சின்ன டிரைவில் பெரிய எண்ணைக் காட்ட வைத்த மோசடி. உண்மையான கொள்ளளவு தீர்ந்த பிறகும் காப்பி ஆவதுபோலவே காட்டும். திறந்து பார்த்தால் வெறும் கோது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவசக் கருவிகள், டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து எல்லாரும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டியான நாஸ் வாங்கலாமா என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். வீட்டில் நான்கைந்து பேர், நிறைய வீடியோ என்றால் வசதிதான். ஆனால் உள்ளே இரண்டு டிஸ்க், ரெய்டு போட்டிருக்கிறேன், அதனால் பேக்கப் தேவையில்லை என்று சொல்பவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை ஒரே சமயத்தில் எழுதும் இந்த ரெய்டு மிரர் என்பது கண்ணாடி. இந்தப் பக்கம் அழித்தால் அந்தப் பக்கமும் அந்த நொடியே அழியும். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓடும், அதற்குத்தான் அது. வைரஸ், தவறான டெலீட், மின்னல், திருட்டு எதற்கும் அது மருந்தல்ல. நாஸுக்கு டிஸ்க் வாங்கும்போது தடங்கள் தனித்தனியாக இருக்கும் சி.எம்.ஆரா, இல்லை எஸ்.எம்.ஆரா என்று பார்த்து வாங்குங்கள். எஸ்.எம்.ஆர். வகையில் தடங்கள் ஓட்டு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். மாற்றி எழுத நேரம் பிடிக்கும், செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிதைப் போட்டு ரெய்டை மறுபடி கட்டும்போது தவித்துவிடும். மாதம் ஒருமுறை காப்பி போட்டுக் கழற்றிவைக்கும் வெளி டிஸ்க்குக்கு எஸ்.எம்.ஆர். தாராளமாகப் போதும்.

கழற்றிவைப்பது என்றேனே, அதுதான் முக்கியம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, கணினியில் இருந்ததோடு, சொருகியிருந்த வெளி டிஸ்க்குகளில் இருந்ததையும் பூட்டியது. எப்போதும் சொருகியே கிடக்கும் பேக்கப் டிஸ்க் கணினியின் இன்னொரு உறுப்பு மாதிரி. கணினிக்கு வருவது அதற்கும் வரும்.

கிளவுட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது ஒன்றே போதும் என்று இருக்காதீர்கள். போட்டோ ஆப்களில் பெரும்பாலானவை போனோடு ஒத்திசைபவை. போனில் அழித்தால் கிளவுடிலும் போகும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், ஐகிளவுடில் 30 நாள். குழந்தை போனை எடுத்து விளையாடி அழித்ததை மூன்றாம் மாதம் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. பெரிய இடம் என்றால் பத்திரம் என்பதும் இல்லை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜியோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் என்ற கிளவுடில் இருந்த 858 டி.பி. போயே போய்விட்டது. வெளியே வேறு காப்பி இல்லை. அப்புறம், “வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வைத்திருக்கிறேன், அது இருக்கும்” என்பவர்களுக்கு: சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கி, எடுத்த தேதி, இட விவரங்களையும் உதிர்த்துவிட்டுத்தான் அனுப்புகிறது.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கை எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வோம். மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. முழுதாக முடியாதவர்கள் கடைசி எண்ணையாவது விடாதீர்கள். மேலே பெருக்கிப் பார்த்த கணக்கு, இரண்டு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால்தான் செல்லும். ஒரே அலமாரியில், ஒரே பையில் இருந்தால் தண்ணீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

காப்பி எடுத்தாயிற்றா என்று பார்ப்பதும் காப்பி எடுப்பதில் சேர்த்திதான். ஒருவர் தன் லேப்டாப்பின் டெஸ்க்டாப் திரையில் இருந்த ஃபோல்டர்களை டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பை ஃபார்மேட் செய்துவிட்டார். டிஸ்க்கில் எல்லாப் பெயரும் இருக்கிறது, திறந்தால் எதுவும் வரவில்லை. வாங்கிப் பார்த்தேன். ‘கல்யாண வீடியோ’ என்பதன் அளவு இரண்டு கே.பி. ஐகானின் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி. காப்பியானது, கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் வெறும் ஷார்ட்கட்! அவரைக் கேலி செய்ய வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்க இடம் தரும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்தபோது, வைத்திருந்த ஐந்து வகை ஏற்பாடுகளில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு காப்பி தற்செயலாக இருந்ததால் தப்பினார்கள். ஆகவே காப்பி முடிந்ததும் டிஸ்க்கை வேறொரு கணினியில் சொருகி, பழைய படம் ஒன்று, நீளமான வீடியோ ஒன்று, திறந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கை வெடுக்கென்று பிடுங்காமல் ‘இஜெக்ட்’ கொடுத்து எடுங்கள். எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருக்கும் டிஸ்க் பாதியில் பிடுங்கினால் சட்டென்று குழம்பிப்போகும்.

டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பது, பிழை திருத்தும் கட்டளை ஓட்டுவது, ஃப்ரீசரில் வைப்பது ஒன்றும் வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க்கின் தட்டில் ஈரம் படியும். அந்த ஈரத்தோடு சுற்ற விட்டால் எங்களுக்கும் எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

என் வீட்டு ஏற்பாட்டைக் கேட்பவர்கள் உண்டு. பெரிதாக ஒன்றும் இல்லை. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க் ஒன்று, நீலம் ஒட்டியது ஒன்று. ஒன்று வீட்டில், மற்றொன்று உறவினர் வீட்டில். அங்கே போகும்போதெல்லாம் மாற்றிக்கொள்வேன். குடும்பப் படங்கள் மட்டும் கிளவுடிலும் இருக்கின்றன. போன முறை சிவப்பைக் கொண்டுவந்து, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தபோது, படிக்கத் தடுமாறும் இடங்களை எண்ணும் ‘பெண்டிங் செக்டர்’ வரிசையில் எட்டு என்று இருந்தது. வாங்கி நான்கு வருடம் ஆகிறது. இந்த மாதம் புதிதாக ஒன்று வாங்கி அதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பழையதைத் தூக்கிப் போடப்போவதில்லை, அலமாரியில் கிடக்கட்டும். ஆனால் காப்பி எத்தனை என்று எண்ணும்போது அதைச் சேர்க்க மாட்டேன்.