மொனேயின் கோதுமைப் போரும் நீல நிழலும்

1890 கோடையின் கடைசி. பிரான்சின் ஜிவெர்னி கிராமத்தில் அறுவடை முடிந்து, ஓவியர் க்ளோத் மொனேயின் வீட்டுக்குப் பக்கத்து வயலில் போர் போட்டிருக்கிறார்கள். வைக்கோல்போர் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது கதிரடிக்காத கோதுமைப் போர். நனையாமலிருக்க மேலே கூரை வேய்ந்து மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பார்கள். மறு ஆண்டுத் தொடக்கம் வரை அந்தப் போர்களையே அவர் சுமார் 25 கேன்வாஸ்களில் தீட்டினார். வெளிச்சம் மாறினால் கேன்வாஸையும் மாற்றுவார்.

பனி மூடிய வயலை வரைந்த படங்களில் நிழலைக் கவனியுங்கள். கறுப்பு இல்லை, நீலமும் ஊதாவும். கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். சாய்ந்த வெயில் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் அதிலுள்ள நீலம் வழியிலேயே சிதறிவிடும். மஞ்சளும் ஆரஞ்சும் மிஞ்சும். போரின் நிழலுக்குள் அந்த வெயில் நேராக எட்டாது. அங்கே விழுவது பெரும்பாலும் வானத்து வெளிச்சம், அதாவது நீலம். பனி வெள்ளை, அதனால் வந்த நிறத்தை அப்படியே திருப்பிக் காட்டுகிறது. நம் கண்ணும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டும். பாரிஸின் கோபெலின் நெசவாலையில் கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தபோது, கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் என்று வேதியியலாளர் ஷெவ்ரல் கண்டுபிடித்தார். 1839இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் இன்னும் நீலமாகத் தெரிவது இதனால்தான்.

சரி, ஆரஞ்சையும் நீலத்தையும் தட்டிலேயே குழைத்துவிட்டால்? சேறுதான். ஒரு நிறமி திருப்பி அனுப்பும் ஒளியை மற்றது விழுங்கிவிடும். அதனால்தான் மொனேயைப் போல அந்தந்த நேரத்து வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிச ஓவியர்கள் தூரிகைக் கோடுகளைக் குழைக்காமல் அருகருகே வைத்தார்கள். எட்ட நின்று பார்க்கும்போது கலப்பது நம் கண்ணில்.

எண்ணெய் வண்ணத்தில் இதற்கு ஒரு வசதி, ஒரு தொல்லை, இரண்டும் ஒன்றேதான். அது சீக்கிரம் காயாது. தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதல்ல அது. நிறப்பொடியைக் குழைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தோலாக இறுகும். சமையலறையில் எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் பிசுக்கும் இதே கதைதான். இறுக நாட்கணக்காகும், அதுவரை ஈரத்தின் மேலேயே ஈரம் பூசலாம். ஆனால் தூரிகையைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், அடியில் இருப்பதும் கிளம்பி வந்து மறுபடி சேறு. அடர்த்தியாக எடுத்து, ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணம் அடைத்துவைக்கும் தகர ட்யூப்புக்குக் காப்புரிமை வாங்கியபிறகு இந்த ஈர வண்ணத்தை வயலுக்கோ கடற்கரைக்கோ தூக்கிப்போவது எளிதானது. 1870இல் ட்ரூவில் கடற்கரையில் மொனே வரைந்த சிறிய படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. காற்றில் பறந்து வந்த மணல் அதன் ஈர வண்ணத்தில் ஒட்டி, எண்ணெயோடு சேர்ந்து இறுகி, இன்றும் அங்கேயே இருக்கிறது.