கழுவினால் போகாத காட்மியம்

"கீரை தளதளன்னுதான் வருதுங்க சார், இந்தத் தண்ணியில என்ன கெட்டுப்போச்சு?" திருமணிமுத்தாற்று ஓரம் விவசாயம் செய்கிறவர்கள் மண் மாதிரியோடு ஆய்வகத்துக்கு வரும்போது இதைக் கேட்காமல் போவதில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் காட்மியம் என்ற நச்சு உலோகம் ஏறிய கீரை வாடிக் காட்டாது. உண்ணத் தகாத அளவு இலையில் சேர்ந்த பிறகும் செடி செழிப்பாகவே நிற்கும்.

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி சேலம் நகரைக் கடக்கும் ஆறு இது. சாயக்கழிவு கலக்கிறது என்றதும் எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அதைவிட உப்புதான் கவலை. பருத்தி நூலில் சாயம் ஏற உப்பைக் கொட்டுவார்கள். அதில் பெரும்பகுதி கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

மண் துகளில் ஒட்டிக்கிடக்கும் காட்மியத்தை உப்பிலுள்ள குளோரைடு இழுத்துக் கரைத்துவிடும். கரைந்தால் வேர் உறிஞ்சிக்கொள்ளும். கடலோர உவர்ச் சதுப்பிலும் இதே வேலை நடக்கிறது. ஆனால் அங்கே வளரும் பல செடிகளுக்கு ஒரு தற்காப்பு உண்டு. கறுப்புச் சேற்றிலிருந்து பிடுங்கி அலசினால் வேரின் மேல் துருநிறத்தில் மெல்லிய உறை தெரியும். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்குகிறது; அந்தத் துருவில் மற்ற உலோகங்களும் சிக்கிக்கொள்ளும். உலோகத்தில் பெரும்பங்கு வேரோடு நின்றுவிட இதுவும் ஒரு காரணம். மேட்டு நிலத்துத் தண்டுக்கீரைக்கு அப்படி ஒரு உறை கிடையாது.

ஈயத்தின் கதை வேறு. அது மண்ணை விட்டு லேசில் நகராது. கீரையில் இருக்கும் ஈயத்தில் பெரும்பாலும் இலைமேல் படிந்த புழுதியும் சேறும்தான். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால் கணிசமாகக் குறையும். காட்மியம் இலைக்குள் இருக்கிறது. அலசினாலும் போகாது, வேகவைத்தாலும் அழியாது. உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும். அதனால்தான் கீரை வகைகளுக்கு சர்வதேச உணவுத் தர வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று அவ்வளவு குறைவாக வைத்திருக்கிறார்கள்.

மண் வள அட்டை இருக்கிறதே என்பீர்கள். அதிலுள்ள 12 அளவுகளில் காட்மியமும் இல்லை, ஈயமும் இல்லை. ஆனாலும் இரண்டு வரிகளைப் பாருங்கள்: மின்கடத்தும் திறன், துத்தநாகம். முதலாவது கூடியிருந்தால் மண்ணில் உப்பு ஏறியிருக்கிறது. இரண்டாவது குறைந்திருந்தால் காட்மியம் வேருக்குள் போவது இன்னும் சுலபம், ஏனென்றால் துத்தநாகமும் காட்மியமும் ஒரே வாசலில் போட்டி போடுபவை. துத்தநாகப் பற்றாக்குறைக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் இடுவது வழக்கமான பரிந்துரை. நன்கு மட்கிய தொழுவுரமும் உலோகத்தைப் பிடித்து வைக்கும்.

சரி, ஆற்றோர நிலத்தில் உப்பும் கூடுதல், பாசனமும் ஆற்றுத் தண்ணீர் என்றால்? கன உலோகப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மண்ணோடு ஒரு கட்டுக் கீரையையும் கொடுங்கள். முடிவு வரும்வரை அந்தப் பாத்தியில் கீரை வேண்டாம். சுரை, வெண்டை போன்ற காய்களில் இலையைவிடக் குறைவாகவே ஏறும். பனமரத்துப்பட்டிப் பக்கம் போடுவதுபோல் அரளி வைத்தால் சாப்பாட்டுக்கு வரும் பேச்சே இல்லை.