இருப்புக் காப்பாளர்: 'பேக்கப் கோலி' தமிழுக்கு வரும்போது

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கிச் செய்திகளைப் படிக்கத் தொடங்குபவர் கண்ணில் சீக்கிரமே படும் செய்தி இது: 'ஸ்லம்ப்'பில் சிக்கிய, அதாவது தொடர் தோல்வியில் துவண்ட அணி ஒன்று, வேறோர் அணியின் 'பேக்கப் கோலி'யை 'டிரேட்' செய்து வாங்கியிருக்கிறது. ஒலியை மட்டும் தமிழ் எழுத்தில் இறக்கினால் வேலை முடிந்துவிடாது. கோலி என்றால் நமக்குத் தெருவில் ஆடும் குண்டு, விட்டால் விராட். பனித்தளத்தில் இருவருக்கும் இடமில்லை.

முதலில் 'கோலி'. இது 'கோல்கீப்பர்' என்பதன் செல்லச் சுருக்கம். அமெரிக்கரும் கனடியரும் 'கோல்டெண்டர்' என்றும் சொல்வார்கள். ஆட்டு மந்தையையோ நோயாளியையோ பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது அதன் பின்பாதி. முன்பாதியின் வேர் எது என்பது ஆங்கில ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத வழக்குதான். இடைக்கால ஆங்கிலத்தில் எல்லை என்ற பொருளில் ஒரு சொல் கிடைக்கிறது; பின்னர் ஓட்டப்பந்தயம் முடியும் இடத்துக்கு அது பெயராகி, அதன்பிறகே பந்து புகும் இடத்துக்கு வந்தது.

தமிழில் 'கோல்காப்பாளர்' என்று எழுதுகிறோம். கால்பந்துக்கு அது பொருந்திவிட்டது. ஹாக்கிக்கு வந்தால் சிக்கல். அந்த ஆட்டத்துக்கே வளைகோல் பந்தாட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கே கோல் என்றால் செங்கோல், ஊன்றுகோல், துலாக்கோல் வரிசையில் வரும் தடி. 'வளைகோல் பந்தாட்டக் கோல்காப்பாளர்' என்று எழுதினால், ஆட்டக்காரர்களின் மட்டைகளை வாங்கிப் பத்திரப்படுத்துபவர் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஐஸ் ஹாக்கியில் பந்தும் கிடையாது. மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் கொண்ட ரப்பர் வட்டுதான் அங்கே ஓடுகிறது. எனவே 'பனி வளைகோல் பந்தாட்டம்' என்ற தொடரில் ஒரு சொல் வீண். நாளிதழ்கள் ஐஸ் ஹாக்கி என்றே எழுதுகின்றன; அவர்கள் செய்வது சரி.

'இலக்குக் காவலர்' என்ற பெயரும் உண்டு. நல்ல சொல்தான், ஆனால் இலக்கு என்பது எய்பவன் பக்கத்துப் பார்வை. ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள வலைக்கு முன்னால் நிற்பவருக்கு அது இலக்கு அல்ல, எல்லை. வலையை வைத்தே 'வலைகாப்பாளர்' என்று ஆக்கலாமா? வானொலியில் கேட்பவர் வளைகாப்புக்கு அழைப்பு வந்ததாக எண்ணிக்கொள்வார். நான் முன்னொட்டை உதறிவிட்டு 'காப்பாளர்' என்று மட்டும் எழுதுவேன். ஆட்டச் செய்தியில் வேறு காப்பாளர் யாரும் குறுக்கே வரப்போவதில்லை.

இனி 'பேக்கப்'. சிரமமெல்லாம் இங்கேதான். ஒருவருக்குப் பின்னால் நின்று தாங்குவது என்பது இதன் மூலப்பொருள். கிரிக்கெட்டில் எறியப்படும் பந்து தவறினால் பிடிக்க இன்னொருவர் பின்னால் ஓடி வந்து நிற்பதும் இதே சொல்தான். கணினித் துறை இதைக் 'காப்புநகல்' ஆக்கியது. காப்பாளருக்கே ஒரு காப்பு வைத்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நம் வாகன ஓட்டிகளிடம் இதற்கு நேரான சொல் நெடுநாளாக இருக்கிறது: ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் உருவான உதிரிச் சக்கரம், தெருவின் பெயரையே சுமந்துகொண்டு இங்கே வந்து சேர்ந்தது. பொருள் கச்சிதம், மரியாதைதான் குறைவு.

மிச்சம் இருப்பவை மாற்று, துணை, பதிலி. மூன்றும் ஏன் போதவில்லை என்பது அந்த வேலையைப் பார்த்தால் புரியும். மாற்று ஆட்டக்காரர் என்றால் ஆட்டத்தின் நடுவே உள்ளே வருபவர். பேக்கப் காப்பாளரோ முழுச் சீருடையில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, தளத்திலிருந்து திரும்புகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, பெரும்பாலான இரவுகளில் ஒரு வட்டைக்கூடத் தடுக்காமல் வீடு திரும்புபவர். அடுத்தடுத்த நாள்களில் ஆட்டம் இருந்தால், முதல் காப்பாளர் ஓய்வெடுக்கும் இரவு இவருடையது. 'துணை' என்றால் இருவரும் சேர்ந்து வேலை செய்வதாகத் தோன்றும். வலைக்கு முன்னால் ஒரே நேரத்தில் இருவர் நிற்பதில்லை. பதிலி அப்போதைக்கு அமர்த்தப்படுபவர். இவரோ பருவம் முழுவதும் ஒப்பந்தத்தில் இருப்பவர்.

ஆகவே 'இருப்பு'. கையிருப்பில் உள்ள அதே இருப்பு. உட்கார்ந்திருப்பதும் காத்திருப்பதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 'இருப்புக் காவலர்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. இருப்புப்பாதைக் காவல்துறை நினைவுக்கு வந்து, ரயில் நிலையத்தில் நிற்கும் போலீஸ்காரர் ஹாக்கிக்குள் நுழைந்துவிடுவார். இருப்புக் காப்பாளர் என்பதே பாதுகாப்பு.

இந்தப் பதவியே ஹாக்கிக்குப் புதிதாக வந்ததுதான். 1928 ஏப்ரலில், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் காப்பாளர் லோர்ன் ஷபோவின் கண்ணில் அடிபட்டது. மாற்ற ஆளில்லை. பார்வையாளர்களிடையே இருந்த வேறோர் அணியின் காப்பாளரை இறக்கலாமா என்று கேட்டதற்கு எதிரணியான மான்ட்ரியல் மரூன்ஸ் மறுத்துவிட்டது. 44 வயதான பயிற்சியாளர் லெஸ்டர் பேட்ரிக் தாமே கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கினார். ரேஞ்சர்ஸ் கூடுதல் நேரத்தில் 2-1 என வென்றது. 1959 நவம்பர் 1 அன்று மான்ட்ரியல் கனடியன்ஸ் காப்பாளர் ஜாக் பிளான்ட்டின் முகத்தை வட்டு கிழித்தபோதும் இருப்பில் ஆளில்லை. முகமூடி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று அவர் சொன்னார். முகமூடியை விரும்பாத பயிற்சியாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. இருப்புக் காப்பாளர் இருந்திருந்தால் அந்த முகமூடி வர இன்னும் சில காலம் ஆகியிருக்கும் என்பது என் ஊகம். ஒவ்வோர் அணியும் இரண்டு காப்பாளர்களைச் சீருடையில் வைத்திருக்க வேண்டும் என்று என்ஹெச்எல் விதித்தது 1965-66 பருவத்தில்தான்.

'ஸ்லம்ப்' என்பதற்குச் சேற்றிலோ சதுப்பிலோ காலிறங்கிப் புதைவது என்பது பழைய பொருள். பங்குச் சந்தை அதை எடுத்துக்கொண்ட பிறகு நாம் 'சரிவு' என்று பழகிவிட்டோம். சரிவில் வேகம் உண்டு. அணி ஒன்று மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருப்பதில் வேகமில்லை, அமிழ்தல்தான் உண்டு. 'தொய்வு' போதும்.

'டிரேட்' முதலில் தடம் என்ற பொருளில் இருந்து, போய்வரும் வழியாகி, வணிகமாகியது. 'கைமாற்று' என்று எழுதினால் வட்டியில்லாக் கடன் ஆகிவிடும். வீரருக்கு வீரர் என்றால் பரிமாற்றம் என்பது நேரே பொருந்தும். ஒரு வீரருக்கு ஈடாக, வருங்காலத்தில் இளம் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுப்பதும் அங்கே சாதாரணம். உண்மையில் அது பண்டமாற்று. மனிதரைப் பண்டம் என்று எழுத மனம் வராததால் நானும் பரிமாற்றம் என்றே எழுதுகிறேன்.

மூன்று சொல்லும் ஒரே இடத்தில் சந்தித்தது 2015 ஜனவரி 14 அன்று. மினசோட்டா வைல்ட் அணி 42 ஆட்டங்களில் 18 வெற்றி மட்டுமே பெற்றுத் தொய்ந்து கிடந்தது. அரிசோனாவில் மைக் ஸ்மித்துக்கு இருப்புக் காப்பாளராக இருந்த டெவன் டப்னிக்கை, மூன்றாம் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றைக் கொடுத்து வாங்கியது. அதற்கு முந்தைய பருவத்தில் எட்மண்டன், நாஷ்வில், மான்ட்ரியல் என்று கைமாறி, கீழ்நிலை லீகில் போய் நின்றவர் அவர். மறுநாளே பஃபலோவில் இறங்கினார். 7-0, ஒரு வட்டும் உள்ளே போகவில்லை. மீதி 40 ஆட்டங்களில் அணி 28 வென்று பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. மினசோட்டாவில் அவரை நோக்கி வந்த அடிகளில் ஆயிரத்துக்கு 936 வீதம் தடுத்திருந்தார். விடாமுயற்சிக்கான மாஸ்டர்டன் விருதும் அந்த ஆண்டு அவருக்கே கிடைத்தது.

இதற்குப் பழந்தமிழில் ஒரு பெயரே இருக்கிறது. உடைந்தோடும் படைக்குள் புகுந்து அதன் கூழையை, அதாவது பின்படையை, ஒருவன் தனியே தாங்குவதைத் தொல்காப்பியம் தும்பைத் திணையின் துறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. பின்னால் வந்த இலக்கணத்தில் அதன் பெயர் எருமை மறம். விளையாட்டுப் பக்கத்துக்குத் தலைப்பாக வைத்தால் ஆசிரியர் அடித்துவிடுவார். ஆயினும் டப்னிக் செய்தது அதுதான்.

இன்னும் பெயர் தேட வேண்டிய ஒருவர் உண்டு. இரண்டு காப்பாளர்களும் காயமடைந்தால் அரங்கிலேயே தயாராக இருக்கும் மூன்றாமவர். 2020 பிப்ரவரி 22 அன்று டொரன்டோவில், பனித்தளத்தைச் செப்பனிடும் வண்டி ஓட்டிப் பழகிய 42 வயது டேவிட் ஏயர்ஸ் அப்படித்தான் கரோலினா அணிக்காக இறங்கினார். முதல் இரண்டு அடிகளும் உள்ளே போயின, அடுத்த எட்டையும் தடுத்தார், அணி 6-3 என வென்றது. அவரை இருப்பு என்று சொல்ல முடியாது, எந்த அணியின் கணக்கிலும் அவர் இருக்கவில்லை. 'அவசரக் காப்பாளர்' என்று இப்போதைக்கு எழுதி வைக்கலாம்.