கரெக்டா பில் கட்டியும் கிரெடிட் ஸ்கோர் ஏன் ஏற மாட்டேங்குது?

லோன் ரிஜெக்ட் ஆகி என்கிட்ட வர்ற நிறைய பேர் உக்காரும்போதே சொல்றது, "ஒரு மாசம் கூட லேட்டா கட்டினதில்ல சார், அப்புறம் எப்படி ஸ்கோர் இவ்ளோ கம்மி?"ங்கறதுதான். ரிப்போர்ட்டைப் பிரிச்சுப் பாத்தா அவங்க சொல்றது நெஜம்தான், ஒரு லேட்டும் இருக்காது, ஆனா 1,00,000 லிமிட் இருக்கற கார்டுல 92,000 பாக்கின்னு மாசாமாசம் பதிவாகியிருக்கும்.

காரணம் தேதி. கார்டு கம்பெனிங்க பெரும்பாலும் பில் போடற அன்னிக்கு என்ன பாக்கி இருக்கோ அதைத்தான் பியூரோவுக்கு, அதாவது நம்ம கடன் விவரத்தைச் சேத்து வெச்சு ரிப்போர்ட் போடற கம்பெனிக்கு, அனுப்புவாங்க. நீங்க டியூ டேட்ல மொத்தமா கட்டறீங்க, வட்டி ஒரு பைசா கிடையாது, எல்லாம் சரி, ஆனா அதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே அந்த 92,000 போய்ச் சேந்தாச்சு. பில் போடறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி பெரும்பகுதியைக் கட்டிட்டா பதிவாகறது சின்ன தொகையா இருக்கும். செலவும் அதேதான், கட்டற பணமும் அதேதான், தேதி மட்டும்தான் மாறுது.

லிமிட்ல எவ்ளோ சதவீதம் பாக்கிங்கற இந்தக் கணக்குக்குத்தான் யூடிலைசேஷன்னு பேரு. அமெரிக்காவுல பரவலா பயன்படற ஃபைகோங்கற ஸ்கோர்ல ஒழுங்கா கட்டினதுக்கு சுமார் 35%, எவ்ளோ கடன் பாக்கிங்கறதுக்கு சுமார் 30% வெயிட்டேஜ். மத்த ஸ்கோர்லயும் இது பெரிய விஷயம்தான். எல்லாரும் 30%க்குள்ள இருந்தா போதும்னு சொல்றாங்க, அது ஒண்ணும் லட்சுமணக்கோடு இல்லீங்க, குறையக் குறைய நல்லது. ஸ்கோர் நல்லா இருக்கற ரிப்போர்ட்டுகள்ல நான் பாக்கறது பெரும்பாலும் 10%க்குக் கீழதான். அதே மாதிரி கொஞ்சம் பாக்கி வெச்சாதான் ஸ்கோர் ஏறும்னு யாரோ கிளப்பிவிட்டிருக்காங்க, அதைக் கேட்டு வட்டி கட்டிட்டிருக்கறவங்களைப் பாத்தா பாவமா இருக்கும். சுத்தப் பொய் அது.

நெஜமாவே கட்ட முடியாம பாக்கி தேங்கி நிக்கறவங்க கதை வேற. அவங்களுக்கு எமன் மினிமம் டியூதான், அதாவது லேட் ஆகாம இருக்க கட்டியே ஆகவேண்டிய குறைஞ்சபட்சத் தொகை. 1,00,000 பாக்கி, மாசம் 3% வட்டி, மினிமம் 5%ன்னு வெச்சுக்குங்க. 5,000 கட்டறீங்க, அதுல 3,000 வட்டிக்கே போயிடும், அசல்ல குறையறது வெறும் 2,000, இதுல புதுசா 2,000க்கு ஸ்வைப் பண்ணிட்டா நின்ன இடத்துலயே நிக்கறீங்க. லேட் மார்க் விழாதுங்கறது மட்டும்தான் மிச்சம், யூடிலைசேஷன் அசையாது. அதனால அந்தக் கார்டை முதல்ல ஓரமா வைங்க.

ரெண்டு மூணு கார்டுல பாக்கின்னா எதை முதல்ல அடைக்கறது? எல்லாத்துக்கும் மினிமமாவது போயிடணும், அதுல சமரசமே இல்ல, ஏன்னா ஒரு லேட் விழுந்தா ரிப்போர்ட்ல வருஷக்கணக்கா உக்காந்திருக்கும். மீதிப் பணத்தை, சீக்கிரமே லோன் அப்ளை பண்ணப் போறீங்கன்னா லிமிட்டை முட்டிக்கிட்டு நிக்கற கார்டுல போடுங்க, மொத்தக் கணக்கு போக ஒவ்வொரு கார்டையும் தனித்தனியாவும் பாப்பாங்க. அவசரம் இல்லன்னா வட்டி அதிகமா இருக்கறதுல போடுங்க, கைக்காசு மிஞ்சும்.

இதுல ஒரு ஆறுதல், பழைய ஸ்கோர் முறைகள் பலதுல போன மாச யூடிலைசேஷன் கணக்குலயே வராது, பாக்கி குறைஞ்சது பதிவானதும் ஸ்கோரும் நகரும். ஃபைகோ 10டி, வான்டேஜ்ஸ்கோர் 4.0 மாதிரி புதுசா வந்த ஸ்கோர் முறைகள் மட்டும் 24 மாசப் போக்கைப் பாக்குது.

பாக்கியை அடைச்ச சந்தோஷத்துல "கார்டை க்ளோஸ் பண்ணிடறேன் சார்"னு கிளம்பறவங்களும் உண்டு. 1,00,000 லிமிட்ல ரெண்டு கார்டு, ஒண்ணுல 60,000 பாக்கி, இன்னொண்ணு காலின்னா மொத்தம் 30%. காலியா இருக்கறதை மூடினா அதே 60,000, ஆனா இப்ப 60%. வருஷக் கட்டணம் இல்லாத கார்டுன்னா அது பாட்டுக்கு டிராயர்ல கிடக்கட்டும்.