நகத்தில் பதிந்த காய்ச்சல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இருபது ஆண்டு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் கிளினிக்கில் வேலை செய்பவன் என்பதால், போன வாரம் இரு கைகளையும் என் முன் நீட்டினார். "தம்பி, இதைக் கொஞ்சம் பார்." பத்து நகங்களிலும் குறுக்கே ஒரு பள்ளம். தடவினால் விரலுக்குத் தட்டுப்பட்டது. கட்டைவிரலில் அளவுகோலை வைத்தேன்: நகம் முளைக்கும் இடத்தை மூடியிருக்கும் அடித்தோலிலிருந்து 6 மில்லிமீட்டர்.

"மூன்று மாதத்துக்கு முன் கடுமையான காய்ச்சல் வந்ததா, அக்கா?"

வந்திருக்கிறது. டெங்கிக் காய்ச்சலில் ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்திருக்கிறார்.

இது ஜோசியமல்ல. நகம் அடித்தோலுக்குக் கீழே ஒளிந்திருக்கும் வேர்த்திசுவில் பிறக்கிறது. அங்கே பெருகும் செல்கள் கெரட்டின் என்ற கடினமான புரதம் நிறைந்து, இறுகித் தகடாகி, மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் முன்னே நகர்கின்றன. உடல் கடும் நோயோடு போராடும்போது அந்தத் திசு வேலையைக் குறைத்துவிடுகிறது. அந்த நாட்களில் உருவாகும் தகடு மெலிந்துபோகிறது. அது அடித்தோலைத் தாண்டி வெளியே தெரியவே சில வாரங்கள் ஆகும். அதையும் சேர்த்துத்தான் மூன்று மாதம் என்றேன். 1846-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் போவின் பெயரால் இவை இன்றும் 'போ கோடுகள்' எனப்படுகின்றன.

பால் வெட்டும் உளி மரத்தில் ஆழமாக இறங்கிய இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளருமே, அதுபோல என்றதும் அக்காவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

ஒரே நகத்தில் மட்டும் பள்ளம் இருந்தால் பெரும்பாலும் அடிபட்டதுதான் காரணம். வெள்ளைப் புள்ளிகளும் அப்படியே; சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று நம் வீடுகளில் சொல்வது சரியல்ல. ஆனால் நகம் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும் அளவுக்குக் கரண்டிபோல் ஆனால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். மாதவிலக்கில் அதிக இரத்தம் போகும் பெண்கள் டானிக் வாங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தோட்டங்களில் களைக்கொல்லி அடித்தவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பாராகுவாட் கசிந்து விரலில் பட்டால் நகம் நிறம் மாறும், சில வேளை கழன்றே விழும். மலேசியா அதை 2020-இல்தான் முழுமையாகத் தடை செய்தது.

கறுத்த தோலில் பல நகங்களில் பழுப்புக் கோடுகள் இருப்பது இயல்பு. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு அப்படியல்ல. தோல் புற்றுநோயாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

"இந்தப் பள்ளம் போய்விடுமா, தம்பி?" என்றார் அக்கா.

இன்னும் மூன்று மாதத்தில் நுனிக்கு வந்துவிடும். வெட்டி எறிந்துவிடலாம் என்றேன்.