ஆரஞ்சு விளக்கு எரியும்போது ஸ்விட்சை அணைக்காதீர்கள்

அப்டேட் பாதியில் நின்றுபோச்சு என்று யாராவது கேம் கன்சோலைத் தூக்கிக்கொண்டு என் ரிப்பேர் கடைக்கு வந்தால், ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். கரண்ட் போனபோது டிவியில் என்ன தெரிந்தது? பலருக்கு ஞாபகம் இருக்காது. "ஏதோ கோடு ஓடிட்டிருந்துச்சு" என்பார்கள். எந்தக் கோடு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அப்டேட் என்று நாம் சொல்வது மூன்று தனித்தனி வேலைகள். முதலில் கோப்பு இணையத்திலிருந்து இறங்குகிறது. அப்போது பிளக்கைப் பிடுங்கினாலும் மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அடுத்து, இறங்கிய கோப்பு முழுசாக இருக்கிறதா, கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் பொருந்துகிறதா என்று மெஷின் சரிபார்க்கும். இதுவும் படிக்கிற வேலைதான். மூன்றாவதாக மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகி, கறுப்புத் திரையில் ஒரு கோட்டை ஓடவிட்டு, அணைக்காதீர்கள் என்று எச்சரிக்கும். எழுதுகிற வேலை அங்கேதான் நடக்கிறது. ஆபத்தும் அங்கேதான்.

சோனியின் பிளேஸ்டேஷன் 4, அதாவது பிஎஸ்4 மெஷினையே எடுத்துக்கொள்வோம். அதில் 500 ஜிபி ஹார்டு டிஸ்க் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மதர்போர்டில் வெறும் 32 எம்பி கொள்ளும் சின்ன ஃபிளாஷ் சிப் ஒன்று உட்கார்ந்திருப்பது அவ்வளவாகத் தெரியாது. மெஷின் உயிர் பெறுவதற்கான ஆரம்ப நிரல்கள் அதில்தான் இருக்கின்றன. இந்த வகைச் சிப்பில் வேண்டிய இடத்தை மட்டும் திருத்தி எழுத முடியாது. ஒரு பிளாக் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். அழித்து முடித்து, எழுதத் தொடங்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பழைய பூட்டைக் கழற்றிய ஆசாரி, புதுப் பூட்டை மாட்டாமலே கிளம்பிப்போன கதவு மாதிரி நிற்கும்.

அதற்காக, ஒரு தடவை கரண்ட் போனாலே மெஷின் காலி என்று பயப்படவும் வேண்டாம். இதைக் கம்பெனிக்காரர்களும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் ஹார்டு டிஸ்க்கைக் கணினியில் மாட்டிப் பார்த்தால் ஐந்து பார்ட்டிஷன்கள், அதாவது தனித்தனிப் பகுதிகள், தெரியும். அவற்றில் இரண்டு சிஸ்டம் அப்டேட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பிளேஸ்டேஷனில் சேஃப் மோடு என்று ஒரு சிறு திரை, முக்கிய மென்பொருள் கெட்டாலும் எழுந்து வரும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் பாதியில் நின்ற மெஷின்களில் நிறைய, பென் டிரைவ் ஒன்றை வைத்தே பிழைத்துவிடுகின்றன. மீட்புக்கென வைத்திருக்கும் அந்த ஆரம்பப் பகுதியையே தொட்டு எழுதும் அப்டேட் வரும்போதுதான் சிக்கல். அது எந்த அப்டேட், எந்த நிமிடத்தில் எழுதும் என்று திரையைப் பார்த்து நாம் கண்டுபிடிக்க முடியாது.

இது நடந்த கதைதான். நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு 2009-இல் வந்த 4.2 அப்டேட், மெஷின் எழும்போது ஓடும் ஆரம்பக் கட்ட நிரல் ஒன்றையே திருத்தி எழுதியது. யாரும் கரண்டை நிறுத்தவில்லை. ஆனாலும் சில மெஷின்கள் செத்தன, எந்த மாற்றமும் செய்யாத மெஷின்கள் உட்பட. 2012 நவம்பரில் அதன் அடுத்த கன்சோலான வீ யு வெளியானபோது வேறு கூத்து. பெட்டியைப் பிரித்த அன்றே பெரிய அப்டேட் ஒன்றைப் போட வேண்டியிருந்தது. பலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பொறுமை இழந்து பாதியில் நிறுத்திய அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர், மெஷின் பிரிக் (செங்கல் மாதிரி உயிரற்றது) ஆகிவிட்டது என்று தானே ட்விட்டரில் எழுதினார். பெட்டியைத் திறந்ததுமே எல்லா வசதியும் கிடைத்திருக்க வேண்டும் என்று அப்போதைய நின்டெண்டோ தலைவர் சதோரு இவாட்டா வருத்தம் தெரிவித்தார். அடுத்த வருடம் ஜூன் மாதம் பிஎஸ்3-க்கு வந்த 4.45 அப்டேட்டைப் போட்ட சிலருக்கு மெஷின் முகப்புத் திரைக்கே போகாமல் நின்றது. சோனி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 4.46 கொடுத்தது. ஒழுங்காகப் போட்டாலே இவ்வளவு என்றால், நடுவில் நாமும் போய்க் கைவைக்க வேண்டுமா?

சரி, நம் ஊரில் யார் கைவைக்கிறார்கள்? கரண்ட் கட் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் மேஜைக்கு வருபவற்றில் அதைவிட அதிகம், வீட்டு ஆட்களே சுவரில் அணைத்த ஸ்விட்ச். ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார். "தம்பி, மெஷின் ஆஃப்லதான் இருந்துச்சு. படுக்கப் போறப்ப எல்லா ஸ்விட்சையும் அணைச்சுட்டுதான் நான் படுப்பேன்" என்றார். ஆரஞ்சு விளக்கு எரிந்ததாம்மா என்று கேட்டேன். "எரிஞ்சுது. டிவியிலயும்தான் சிவப்பு லைட் எரியுது. அதையும்தானே அணைக்கிறேன்?" அவர் கேட்டது நியாயம். எனக்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆனது.

டிவியில் எரியும் சிவப்பு விளக்குக்கும் பிளேஸ்டேஷனில் எரியும் ஆரஞ்சு விளக்குக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆரஞ்சு என்றால் ரெஸ்ட் மோடு. திரை அணைந்திருக்கும், ஆனால் மெஷின் முழுசாகத் தூங்கவில்லை. செட்டிங்கில் அனுமதித்திருந்தால் கேம்களை இறக்கும், கன்ட்ரோலருக்குச் சார்ஜ் ஏற்றும், சிஸ்டம் அப்டேட்டையும் இறக்கித் தானே போட்டுக்கொள்ளும். அதாவது வீட்டில் எல்லோரும் படுக்கிற நேரம்தான் அது வேலை பார்க்கும் நேரம். எக்ஸ்பாக்ஸிலும் ஸ்லீப் என்ற பெயரில் இதே ஏற்பாடு உண்டு.

பையன் விளையாடி முடித்துக் கன்ட்ரோலர் பட்டனால் அணைக்கிறான், அது ரெஸ்ட் மோடுக்குப் போகிறது. அம்மா சுவரில் அணைக்கிறார். இரண்டு பேர் செய்ததும் அவரவர் பழக்கப்படி சரிதான். மின்னலும் இடியுமாக இருக்கிற இரவில் ஸ்விட்சை அணைப்பது இன்னும் சரி. அதனால் அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்லி நான் யாரிடமும் வாதாடுவதில்லை. கன்சோலில்தான் மாற்றச் சொல்கிறேன். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் சாஃப்ட்வேர் என்று உள்ளே போனால், அப்டேட்டைத் தானாக இறக்குவதற்கு ஒரு பட்டன், தானாக இன்ஸ்டால் செய்வதற்கு ஒரு பட்டன் என்று தனித்தனியாக இருக்கும். இறக்குவது இருக்கட்டும், இன்ஸ்டாலை மட்டும் அணைத்துவிடுங்கள். ராத்திரி ஸ்விட்சை அணைக்கிற வீடு என்றால், விளையாடி முடித்ததும் ரெஸ்ட் மோடு வேண்டாம், பவர் மெனுவிலிருந்து முழுசாக ஆஃப் செய்யப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விளக்கு எல்லாம் அணைந்த பிறகு சுவர் ஸ்விட்சைத் தொடலாம். விளக்கு துடித்துக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

அப்டேட்டைப் பகலில், ஆள் இருக்கும்போது போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளை மின்தடை என்று முந்தின நாளே செய்தித்தாளில் உங்கள் ஏரியா பெயர் வந்திருக்கும். அதைப் பார்க்காமல் காலை எட்டே முக்காலுக்கு அப்டேட்டை ஆரம்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள்!

"எங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு சார்" என்பார்கள். இருக்கட்டும். ஹாலில் டிவி இருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தாலும், மெயின் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் ஃபேனுக்கு ஒன்றும் தெரியாது, கன்சோல் மட்டும் அணைந்து எழும். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் பின்பக்கமோ முன்பக்கமோ இருக்கும். அதில் வைத்தால் சீக்கிரம் மாறும், பெரும்பாலும் கன்சோல் அணையாது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அந்த ஸ்விட்சைத் தொட்டிருக்க மாட்டார்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் கணினிக்கு வைக்கும் சாதாரண யூபிஎஸ் ஒன்றில் மாட்டிக்கொள்ளலாம். அப்டேட்டின்போது கன்சோல், கேம் ஓடும்போது இழுக்கும் அளவுக்குக் கரண்ட் இழுப்பதில்லை. ஆனால் அந்த யூபிஎஸ்ஸின் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பிளக்கைப் பிடுங்கி ஒரு தடவை சோதித்துவிடுங்கள். அதையும் அப்டேட் ஓடும்போது சோதிக்காதீர்கள்.

இன்னொரு ரகம், கரண்டும் போகாமல் யாரும் அணைக்காமல் கோடு பாதியில் அப்படியே நிற்பது. பழைய பிஎஸ்4-இல் இதை அதிகம் பார்க்கிறேன். அனேகமாக ஹார்டு டிஸ்க் தேய்ந்திருக்கும். எழுத முடியாத இடத்தில் மறுபடி மறுபடி முட்டிக்கொண்டிருக்கும். கோடு நின்றதும் பத்து நிமிடத்தில் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். ஒரு மணி நேரமாவது விடுங்கள், டிவியை அணைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். அதற்குப் பிறகும் அதே இடத்தில் நின்றால், சுவர் ஸ்விட்சுக்குப் போகாமல் மெஷினின் பவர் பட்டனையே அழுத்திப் பிடித்து அணையுங்கள்.

நின்றுபோன மெஷினை வீட்டிலேயே எழுப்பிப் பார்க்கலாம். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் அணைந்த நிலையில் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஒரு பீப் கேட்கும், ஏழு வினாடி போல் கழித்து இன்னொரு பீப். அப்போது விட்டால் சேஃப் மோடு வரும், கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் மாட்டச் சொல்லும். பலர் இந்த இடத்திலேயே தோற்றுப்போய் என்னிடம் வருகிறார்கள். காரணம் கேபிள்தான். பவர் பேங்கோடு வந்த, சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளை மாட்டியிருப்பார்கள். கன்ட்ரோலரில் விளக்கு எரியும், மெஷினுக்குக் கன்ட்ரோலர் தெரியாது. டேட்டா போகும் கேபிளாக மாற்றியதும், வேறு எதுவும் செய்யாமலே மெனு நகர்ந்த கதைகள் உண்டு.

அடுத்தது பென் டிரைவ். எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருக்க வேண்டும், என்டிஎஃப்எஸ் கூடாது. (எக்ஸ்பாக்ஸுக்கு நேர் எதிர், அதற்கு என்டிஎஃப்எஸ்தான் வேண்டும்.) சோனியின் சொந்தத் தளத்தில் இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஒன்று வெறும் அப்டேட், மற்றது முழு ரீஇன்ஸ்டால், அளவில் பெரியது. ஃபோல்டர் பெயரும் கோப்புப் பெயரும் அங்கே சொன்னபடி பெரிய எழுத்தில் அப்படியே இருக்க வேண்டும். இரண்டாவது தடவை இறக்கினால் கோப்புப் பெயரின் கடைசியில் (1) என்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் பென் டிரைவ் பழுது என்று புதிதாக வாங்கியவர்களும் உண்டு.

சேஃப் மோடில் ஏழு வழிகள் வரிசையாக இருக்கும். பதற்றத்தில் கடைசி எண்ணை அழுத்தாதீர்கள். முதலில் மூன்றாவது, சிஸ்டம் அப்டேட், அதில் யூஎஸ்பியைக் காட்டிப் பாருங்கள். அதில் சரியானால் உங்கள் கேம், சேவ் (விளையாட்டில் எட்டிய இடத்தின் பதிவு) எல்லாம் அப்படியே இருக்கும். ஐந்தாவது, டேட்டாபேஸை மறுபடி கட்டுவது, அதுவும் சேவ்களை அழிக்காது. ஆறும் ஏழும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். எஸ்யு-30746-0 என்ற எண் வந்து, முழு ரீஇன்ஸ்டால் கோப்பைக் கேட்டால் வேறு வழியில்லை, துடைத்துத்தான் ஆக வேண்டும். "சார், ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிக் கணினியில் போட்டு சேவை மட்டும் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்காதவர் இல்லை. முடியாது. அது அந்த மெஷினுக்கென்றே குறியாக்கம் செய்யப்பட்டது.

அதனால் சேவ்களுக்கு ஏற்பாடு அப்டேட்டுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். பிஎஸ்4 சேவ்களைப் பென் டிரைவில் எடுத்து வைக்கலாம். பிஎஸ்5 கேம்களின் சேவை அப்படி எடுக்க முடியாது, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் கிளவுடில், அதாவது கம்பெனியின் இணையச் சேமிப்பில், ஏறும். எக்ஸ்பாக்ஸில் சந்தா இல்லாமலே கிளவுடில் ஏறிவிடும். சந்தா காலாவதியானதைக் கவனிக்காத வீடுகளில்தான் அழுகைச் சத்தம் கேட்கிறது.

சேஃப் மோடே வரவில்லை என்றால் கடைக்கு வர வேண்டியதுதான். ஃபிளாஷ் சிப்பில் இருப்பதைப் படித்து, கெட்ட பகுதியை மட்டும் சரிசெய்து எழுதச் சில நேரம் முடிகிறது, சில நேரம் முடிவதில்லை. வேறொரு டெட் மெஷினிலிருந்து சிப்பை எடுத்து மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மெஷினுக்கே உரிய தகவல்கள் சிப்பில் இருக்கின்றன, இன்னொன்றில் ஒத்துப்போகாது. பழைய வெர்ஷனுக்குத் திருப்பித் தருகிறேன் என்பதும் அப்படித்தான். பின்னால் போவதைக் கன்சோல்கள் தடுக்கின்றன. நின்டெண்டோ ஸ்விட்ச் இதற்காகச் சிப்புக்குள்ளேயே நுண்ணிய ஃபியூஸ்களை எரித்துவிடுகிறது.

கொண்டுவரும்போது இதற்கு முன் யாராவது மெஷினைத் திறந்தார்களா என்பதைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். பிஎஸ்4 அப்டேட் டிஸ்க் டிரைவின் ஃபர்ம்வேரையும் சேர்த்துத்தான் பார்க்கும். டிஸ்க் படிக்கவில்லை என்று எங்கேயோ கொடுத்து டிரைவின் போர்டை மாற்றியிருந்தால், கரண்ட் போகாமலே அப்டேட் அந்த இடத்தில் தடுக்கி விழும். நான் ஃபிளாஷ் சிப்பைத் தேடிக்கொண்டிருப்பேன், கோளாறு டிரைவில் இருக்கும். கன்ட்ரோலரையும், வீட்டில் முயற்சி செய்த அதே பென் டிரைவையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.